சரி லா

வானொலியில் சேர்ந்த முதல் வாரம். 4 நிமிடப் பதிவு ஒன்றைப் பேசி முடித்துவிட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த மூத்த அறிவிப்பாளரைப் பார்த்தேன். அவர் குனிந்து ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். நான்கு கோடு, குறுக்கே ஒன்று. மறுபடி நான்கு கோடு, குறுக்கே ஒன்று. கடைசியில் தனியாக ஒரு கோடு.

"11," என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

"11 'லா' போட்டிருக்கேம்மா. 4 நிமிஷத்துல. அதை வீட்டுல வச்சிட்டு வா."

அன்று சாயங்காலமே ஒரு மஞ்சள் சீட்டில் 'லா வேண்டாம்' என்று எழுதி மைக்கின் தண்டில் ஒட்டினேன். அடுத்த வாரம் 4 லா. அதற்கடுத்த வாரம் ஒன்று. ஆறு மாதத்தில் அந்தச் சீட்டு தானாகவே உதிர்ந்து விழுந்தது. மறுபடி ஒட்டத் தேவைப்படவில்லை. அவர் சொன்னதில் தவறு எதுவும் இல்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நாங்கள் பேசுவதைக் கேட்டுத் தமிழ் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒருநாள் ஒரு சொல்லைத் தவறாக உச்சரித்துவிட்டு, ஓர் ஓய்வுபெற்ற தமிழாசிரியரிடம் தொலைபேசியில் பத்து நிமிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். மைக்குக்கு முன்னால் வாய்க்கு வந்தபடி பேச முடியாது.

சிக்கல் வேறு இடத்தில் வந்தது. 'லா'வை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்னார் அல்லவா? நான் வீட்டுக்குத் திரும்பும்போது அதை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டேன்.

என் அப்பா கிள்ளான் துறைமுகத்தில் 31 வருடம் டிரெய்லர் ஓட்டியவர். கொள்கலன் ஏற்றிக்கொண்டு ஜொகூர் வரை போவார், வருவார். அவருடைய வாக்கியங்களுக்கு முற்றுப்புள்ளியே 'லா'தான். "வந்துட்டேன்லா." "பசியாறியாச்சுலா." "அவன் சரியில்லலா." நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது திட்டு வாங்கினால்கூட, கடைசியில் ஒரு 'லா' வந்துவிட்டால் அடி விழாது என்று தெரிந்துகொள்வோம். "ஏன்லா இப்படிப் பண்றே?" என்றால் பிழைத்தோம். "ஏன் இப்படிப் பண்றே?" என்றால் ஓடவேண்டியதுதான்.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அப்பாவிடம் தொலைபேசியில் ஏதோ காப்புறுதி விஷயம் பேசிக்கொண்டிருந்தேன். "அந்தப் படிவத்தை நாளைக்குள்ள அனுப்பி வச்சிடுங்கப்பா, அப்புறம் காலதாமதம் ஆயிடும்" என்கிற மாதிரி ஏதோ சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பா சொன்னார்:

"முதல்ல ரேடியோவ அடச்சிட்டு வந்து பேசு."

வீட்டில் எல்லாரும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பிக்கு அது பல வருடத்துக்குப் போதுமான நகைச்சுவையாகிவிட்டது. ஆனால் அப்பா சிரித்த மாதிரி எனக்கு நினைவில்லை.

போன வருடம் ஒரு நேயர் கேள்வி வந்தது. சென்னையிலிருந்து திருமணமாகி இங்கே வந்திருக்கும் மருமகள் கேட்கிறாளாம்: வீட்டில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் 'லா' போடுகிறார்களே, அதற்கு என்ன அர்த்தம்? மாமியாருக்குப் பதில் தெரியவில்லை, என்னைக் கேட்டார். "அது சும்மா ஒரு ஓசைதாங்க, அர்த்தம்னு ஒன்னும் இல்ல" என்று நேரலையில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். பாட்டு ஓடிய 5 நிமிடமும் எனக்கே வெட்கமாக இருந்தது. ஊடகத்துறையில் பட்டம் வாங்கியவள், பேசியே சம்பளம் வாங்குகிறவள், தினமும் காதில் விழும் ஒரே ஓர் எழுத்துக்குப் பொருள் சொல்லத் தெரியவில்லை.

அதே வாரம்தான் அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவும் வந்தது. இருபது வருட நீரிழிவு சிறுநீரகத்தைத் தின்று முடிக்கப்போகிறது, ரத்தச் சுத்திகரிப்புக்குத் தயாராகுங்கள் என்றார் மருத்துவர். அப்பா முடியாது என்றுவிட்டார். துறைமுகத்தில் அவரோடு வண்டி ஓட்டிய ஒருவர் அந்த இயந்திரத்துக்குப் போய் ஒரே வருடத்தில் இறந்திருக்கிறார். "அதுல போய் உக்காந்தவன் எவன் திரும்பி வந்தான்?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இரவில் தூக்கம் வராது. எதையாவது தேடிக்கொண்டிருந்தால் தேவலை போலிருந்தது. 'லா'வைத் தேட ஆரம்பித்தேன்.

முதலில் மலாய்ப் பிரிவில் வேலை செய்யும் தோழியிடம் கேட்டேன். அவள் ஒரு நாற்காலியைக் காட்டி "டுடுக்" என்றாள். பிறகு குரலை மாற்றாமல் "டுடுக்லா" என்றாள். "எதுக்கு நீ உட்காருவே?" என்று கேட்டாள். முதலாவதைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் சொல்வார். இரண்டாவதை வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்வார்கள். தமிழில் 'உட்கார்' என்பதற்கும் 'உட்காரேன்' என்பதற்கும் உள்ள தூரம். நாமும் 'வாயேன்', 'சொல்லேன்', 'சாப்பிடுங்களேன்' என்று ஓர் 'ஏன்' சேர்த்துக் கட்டளையைக் கரைத்துவிடுகிறோம். அந்த 'ஏன்' செய்கிற வேலையில் ஒன்றை மலாயில் 'லா' செய்கிறது. இன்னொரு வேலையும் அதற்கு உண்டு: 'இனி' என்றால் இது, 'இனிலா' என்றால் இதுவேதான். அழுத்திச் சொல்லவும் அதுதான், மெதுவாகச் சொல்லவும் அதுதான்.

இது தெருவில் பிறந்த கொச்சை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. மலாயின் பழைய காவியங்களிலும் கடிதங்களிலும் 'லா' உண்டு. இலக்கணப்படி முன்சொல்லோடு சேர்த்தே எழுதவேண்டும். நம் பக்கத்து நாட்டின் தேசிய கீதத்தைப் பாருங்கள். 1958ல் சுபிர் சைட் இயற்றிய அந்தப் பாடலின் பெயர் 'மஜுலா சிங்கப்பூரா'. 'மஜு' என்றால் முன்னேறு. கூடவே ஒரு 'லா'. அதே சிங்கப்பூரில்தான் 2000ஆம் ஆண்டில் நல்ல ஆங்கிலம் பேசுவதற்கென்று அரசாங்கமே ஓர் இயக்கம் தொடங்கியது. பேச்சு ஆங்கிலத்தில் ஒட்டிக்கொண்ட 'லா', 'லோர்', 'மே' எல்லாவற்றையும் கேலி செய்து சுவரொட்டிகள் ஒரு பக்கம்; காலையில் பள்ளித்திடலில் நின்று ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் கீதத்தில் 'லா' பாடுவது இன்னொரு பக்கம். மலாய் 'லா'வும் ஆங்கிலத்தில் ஒட்டிய 'லா'வும் ஒன்றல்ல என்று யாராவது சொல்லக்கூடும். சொல்லட்டும், எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

சீனப் பிரிவில் கேட்டால் அவர்கள் விடுவார்களா? 'லா' எங்களுடையது என்றார்கள். மாண்டரினில் ஒரு காரியம் நடந்து முடிந்தது, நிலைமை மாறிவிட்டது என்று காட்ட 'லெ' என்று ஒன்று உண்டு. அதோடு உணர்ச்சிக்கு ஓர் 'ஆ' சேர்ந்து, இரண்டும் கலந்து 'லா' ஆகிறது. கேண்டனீஸில் அதே 'லா'வை வேறு வேறு சுருதியில் சொன்னால் கெஞ்சல், அலுப்பு, முடிவு என்று பொருள் மாறும். ஹொக்கியனிலும் ஒரு 'லா' இருக்கிறது. இந்த நாட்டு ஆங்கிலத்தில் இருக்கும் 'லா' மலாயிலிருந்து வந்ததா, ஹொக்கியனிலிருந்து வந்ததா என்று மொழியியலாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆக்ஸ்போர்ட் ஆங்கில அகராதிக்குள்ளேயே அது போய் உட்கார்ந்துவிட்டது; மூலம் எது என்ற சண்டை மட்டும் தீரவில்லை.

அப்பாவிடம் கேட்டிருந்தால் ஒரே வரியில் தீர்த்திருப்பார். கிள்ளானில் அவருடைய தவுக்கே ஹொக்கியன்காரர். வண்டியில் கூட வரும் உதவியாளர் மலாய்க்காரர். மூன்று பேருக்கும் பொதுவாக முழுசாக ஒரு மொழி கிடையாது. மலாய் கொஞ்சம், ஹொக்கியன் கொஞ்சம், ஆங்கிலம் கொஞ்சம், திட்டுவதற்கு மட்டும் தமிழ். ஆனால் ஒவ்வொருவர் பேச்சும் ஒரே இடத்தில் போய் நிற்கும். மலாய்க்காரருக்கு அது மலாய். தவுக்கேக்கு அது ஹொக்கியன். அப்பாவுக்கு அது தமிழ். மூன்று பேரும் அவரவர் வீட்டு லாவைத்தான் போட்டார்கள். ஒருவருக்கும் அந்நியமாகத் தெரியவில்லை. இங்கே அது ஏன் இப்படி வேரூன்றியது என்பதற்கு அந்த லாரியின் முன்னிருக்கையைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

தேட ஆரம்பித்தால் அது விடுவதாக இல்லை. 'லா' இல்லாத மொழியே கிடையாது போலிருந்தது. பிரெஞ்சில் 'அங்கே'. ஸ்பானிய மொழியில் பெண்பால் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும் சொல். ஐரிஷ் மொழியில் 'நாள்', ஹவாயில் 'சூரியன்' (நாளும் அதுவே). வியட்நாமில் 'நான் இன்னார்' என்று அறிமுகம் செய்துகொள்ளும்போது நடுவில் வரும் 'ஆக இருக்கிறேன்'. மேற்கத்திய இசையில் ஆறாவது சுரம். திபெத்திய மொழியில் 'லா' என்றால் மலைக்கணவாய். சிக்கிமில் இருக்கும் நாதுலாவில் வருவது அந்த லாதான், லடாக் என்றாலே கணவாய்களின் நாடு. அதே திபெத்தியர்கள் பெயருக்குப் பின்னால் மரியாதைக்கு ஒரு லா சேர்ப்பார்கள்: அம்மாவை 'அமாலா' என்று கூப்பிடுவார்கள். நம் 'அம்மாலா' மாதிரியே கேட்கும், ஆனால் அதில் 'ங்க' இருக்கிறது.

எங்கள் அலுவலகத்துக்குக் கீழே உள்ள உணவகத்தில் வேலை செய்யும் மியன்மார் பையன் சொல்லிக்கொடுத்தது இது. பர்மிய மொழியில் ஆமா, இல்லையா என்று பதில் வேண்டிக் கேட்டால் கடைசியில் லா வரும். "சா பீ பி லா?" என்றால் "சாப்பிட்டாச்சா?" நாம் இங்கே பார்த்தவுடன் "பசியாறியாச்சா?" என்று கேட்பதேதான். அவன் லா எதிரே இருப்பவரின் பதிலுக்குக் காத்து நிற்கிறது.

மாண்டரினில் இன்னொரு லா உண்டு, காரம். நாக்கை மரத்துப்போக வைப்பது 'மா', எரிய வைப்பது 'லா'. இப்போது கடைக்குக் கடை பலகை தொங்குகிறதே, அந்த 'மாலா'. என் சித்தியின் பெயர் மாலா. முதல்முறை அந்தப் பலகையைப் பார்த்தபோது சித்தப்பா அதற்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டார். அர்த்தம் தெரிந்த பிறகு இன்னொரு படம் எடுத்துக்கொண்டார்.

எல்லாவற்றிலும் வேடிக்கை அரபு. அதில் 'லா' என்றால் 'இல்லை', 'கூடாது'. பல்கலைக்கழகத்தில் எங்களோடு எகிப்திய மாணவர் ஒருவர் படித்தார். வந்த புதிதில், அவர் எதைக் கேட்டாலும் நாங்கள் "கேன் லா" என்போம். அவர் காதில் 'முடியும், முடியாது' என்று விழும். குழுவேலைக்கு அவர் வராமல் போனதற்கும், நாங்கள் அவருக்காக இரண்டு மணி நேரம் நூலகத்தில் காத்திருந்ததற்கும் அதுதான் காரணம் என்று பிறகுதான் தெரிந்தது.

இவையெல்லாம் ஒன்றுக்கொன்று உறவில்லை. நாக்கு நுனியை ஒருமுறை தொட்டு வாயைத் திறந்தால் 'லா' வந்துவிடுகிறது. இவ்வளவு சுலபமான ஓசையைத் தனித்தனியாக எத்தனையோ மொழிகள் எடுத்துக்கொண்டிருக்கின்றன. மலாய் லாவும் அரபு லாவும் தூரத்துச் சொந்தம் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீர்கள்.

ஆனால் ஒன்று மட்டும் எனக்குச் சொந்தமாகவே இருந்தது. அதற்கு 2019க்குப் போகவேண்டும். உறவில் ஒரு கல்யாணத்துக்காகத் திருநெல்வேலி போயிருந்தோம். அங்கிருந்து தென்காசிக்குப் பேருந்து. நல்ல கூட்டம். நடத்துனர் என்னைப் பார்த்து, "பின்னாடி எடம் கெடக்குல்லா, போங்க" என்றார்.

எனக்குச் சட்டென்று வீட்டு ஞாபகம் வந்துவிட்டது. "அண்ணே, நீங்க மலேசியாவுல இருந்திருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எதுக்கு மலேசியா போறேன்? ஆலங்குளம்லா நமக்கு!"

பேருந்தே சிரித்தது. எனக்கு அடுத்த நிறுத்தம் வரை வேறொன்றும் காதில் விழவில்லை. அப்பாவின் அம்மா, என் பாட்டி, அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். சின்னப் பிள்ளையாகக் கப்பலில் வந்து கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்வெட்டி வளர்ந்தவர். "நான் அப்பமே சொன்னேம்லா." "அவன் ஒனக்கு மாமம்லா." பாட்டி பேசியதையெல்லாம் நாங்கள் மலேசிய லா என்றே எடுத்துக்கொண்டிருந்தோம். அது நெல்லைச் சீமையின் லா. 'அல்லவா' என்பது தேய்ந்து 'அல்லா' ஆகி, 'ல்லா' ஆகி, வாக்கியத்தின் வாலில் ஒட்டிக்கொண்டது. மலையாளத்தில் 'வந்நல்லோ' என்பதில் வரும் 'ல்லோ'வுக்கும் அடியில் இருப்பது அந்த 'அல்ல'தான்.

வீட்டுக்கு வந்து இரண்டு லாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று போலவே கேட்கும், ஆனால் ஒன்றல்ல. பாட்டியின் லா கட்டளையோடு வராது. 'வந்தாம்லா' என்பார், யாரையும் 'வாலா' என்று கூப்பிட்டதில்லை. பாட்டியின் லா 'உனக்கும் தெரியும்தானே' என்று நம்மையும் சேர்த்துக்கொள்ளும். அப்பாவின் லா எதோடும் வரும். வா, போ, எங்கே, ஏன், சரி, எதற்குப் பின்னாலும் நிற்கும். பாட்டி கப்பலில் ஒரு லாவைக் கொண்டுவந்து இறங்கினார். இறங்கிய இடத்தில் வேறு இரண்டு லாக்கள் ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தன. அப்பா மூன்றையும் கலந்து பேசி வளர்ந்தார்.

இதை ஒரு நிகழ்ச்சிக்கு வந்த தமிழ் விரிவுரையாளரிடம் ஒலிப்பதிவு முடிந்தபின் சொன்னேன். இதெல்லாம் தமிழா என்று முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டு, "தொல்காப்பியத்துல இதுக்குத் தனி இடமே இருக்கே" என்றார். இடையியலில் முன்னிலை அசைச்சொற்கள் என்று ஆறு சொல்லப்பட்டிருக்கின்றன. 'மோ', 'மதி' எல்லாம் அதில் அடக்கம். 'கேள்' என்றால் கட்டளை. அதோடு மதி சேர்ந்து 'கேண்மதி' என்றால் மதிக்குத் தனியாகப் பொருள் கிடையாது. அசை. ஆனால் அது சும்மா வராது, முன்னால் ஓர் ஆள் இருக்கும்போதுதான் வரும். அதனால்தான் பெயரே முன்னிலை அசை.

"ஆள் முன்னால இல்லன்னா?" என்று கேட்டேன்.

"இல்லன்னா யார்கிட்டப் பேசுவே?" என்றார்.

அவர் போன பிறகு ஒலிப்பதிவு அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். நான்கு சுவர், ஒரு மைக்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். நான் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் நிலையத்தில் சிறுநீரக நலம் பற்றி ஒரு மணி நேர நிகழ்ச்சி வந்தது. கெஞ்சி அதை நானே கேட்டு வாங்கி நடத்தினேன். நம் நாட்டில் சிறுநீரகம் செயலிழப்பதற்கு முதல் காரணம் நீரிழிவு என்பது, வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் என்பது, ஒழுங்காகப் போகிறவர்கள் பல வருடங்கள் வாழ்கிறார்கள் என்பது, எல்லாவற்றையும் மருத்துவர் வாயால் சொல்ல வைத்தேன். அப்பா கேட்பார் என்று தெரியும்; என் நிகழ்ச்சியை அவர் ஒருநாளும் விட்டதில்லை. சாயங்காலம் கூப்பிட்டேன்.

"கேட்டீங்களாப்பா?"

"கேட்டேன்லா. நல்லா படிச்சே."

படிச்சே. அந்தச் சொல்லைக் கேட்டு அழைப்பைத் துண்டித்த பிறகு, காடியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். நான் எதையும் படிக்கவில்லை. ஒரு தாள்கூடக் கையில் இல்லை.

அடுத்த மாதம் மருத்துவமனையில் கையொப்பம் போடவேண்டிய நாள். கையில் ஒரு சின்ன அறுவை சிகிச்சை செய்து, ரத்தக்குழாய் இரண்டை இணைத்து வைப்பார்கள். அது தடித்து, ஊசி போடத் தயாராகச் சில வாரங்கள் பிடிக்கும். அதற்கு 'ஃபிஸ்டுலா' என்று பெயர். மருத்துவர் இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நடைபாதையில் சன்னலைப் பார்த்தபடி நின்றார். நான் பின்னால் போய், "அப்பா, தயவுசெய்து கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க" என்றேன். அவர் திரும்பவே இல்லை.

அந்த வழியாக ஒரு மலாய்த் தாதி மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வயதில் என்னைவிடச் சின்னவராக இருக்கும். அப்பாவைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தி, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காட்டி, "பாக்சிக், டுடுக்லா டூலு" என்றார். முதல்ல உட்காருங்களேன். அவ்வளவுதான். அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

அப்பா உட்கார்ந்தார்.

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன பேசவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தவை எல்லாம் தொண்டையில் வரிசையாக நின்றன. சரியான உச்சரிப்போடு, சரியான இடத்தில் மூச்சு விட்டு.

"ப்பா," என்றேன். "போட்டுக்கலாம்லா."

சொன்னபோது எனக்கே கூச்சமாக இருந்தது. யாரோ வேற்றாள் வாயிலிருந்து வந்த மாதிரி.

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ரேடியோவ அடச்சிட்டியா?"

"அடச்சிட்டேன்லா."

ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கையைத் தூக்கி முழங்கைக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு என்ன பேரு சொன்னான்?"

"ஃபிஸ்டுலா."

"அதுலயும் லாவா?" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும். நடைபாதையில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காலையில 7 மணிக்கு இருக்கணும்னு சொல்றான். யாருலா கூட்டிட்டுப் போவா? ஒனக்கு வேலை இருக்குல்லா."

முதலில் வந்தது அவருடைய லா. இரண்டாவது பாட்டியுடையது. அந்த நேரத்திலும் என் காது இதைப் பிரித்துப் பார்த்தது என்பதை நினைத்தால் எனக்கே கொஞ்சம் எரிச்சல்தான்.

"நான் 10 மணிக்குத்தான் போவேன். நான் கொண்டுவந்து விடுறேன்லா."

"சரி லா," என்றார்.

அந்த ஓர் எழுத்துதான் அவரைச் சம்மதிக்க வைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. முதல் நாள் இரவு அம்மா சாப்பிடாமல் படுத்திருந்தார். கால் வீக்கத்தில் அப்பாவால் செருப்புப் போட முடியவில்லை. தம்பி அவன் பங்குக்குச் சத்தம் போட்டிருந்தான். எது வேலை செய்தது என்று யாருக்குத் தெரியும்? ஆனால் நான் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அவர் திருப்பி ஒரு கேள்வி கேட்டது அன்றுதான்.

இப்போது திங்கள், புதன், வெள்ளி. ஆறேமுக்காலுக்கு அவரை இறக்கிவிட்டு, நெரிசலில் மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போகிறேன். 11 மணிக்குப் பிறகு தம்பி போய் ஏற்றிக்கொள்வான். கடைசி ஒரு மணி நேரம் என் நிகழ்ச்சி ஓடும். மூன்று இருக்கை தள்ளி ஒரு சீன அங்கிள், எதிரே ஒரு மலாய் மக்சிக். காதுக்கருவி போட்டுக்கொள்ளாமல் அப்பா சத்தமாகவே வைக்கிறாராம். தமிழ் தெரியாத அவர்களும் என் குரலைக் கேட்டே ஆகவேண்டும்.

நான் மஞ்சள் சீட்டைக் கிழித்தெறிந்துவிட்டு இஷ்டத்துக்குப் பேச ஆரம்பித்துவிடவில்லை. செய்தி வாசிக்கும்போது லா கிடையாது. ஆனால் நேயர் யாராவது தொலைபேசியில் வந்து, வேலை போய்விட்டது என்றோ, பிள்ளை பேசுவதில்லை என்றோ சொல்லித் தயங்கி நிற்கும்போது, "சொல்லுங்கலா" என்று வந்துவிடுகிறது. அந்தப் பக்கம் ஒரு மூச்சு விடும் சத்தம் கேட்கும், பேச ஆரம்பிப்பார்கள். நிர்வாகத்திலிருந்து இதுவரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அந்த மூத்த அறிவிப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். வீட்டில் கோடு போட்டுக்கொண்டிருக்கிறாரோ என்னவோ.

இன்னொருவர் போடுகிறார் என்பது நிச்சயம். போன வெள்ளிக்கிழமை நிகழ்ச்சி முடிந்து கைப்பேசியைத் திறந்தால், அப்பாவிடமிருந்து ஒரு குரல் பதிவு. பின்னணியில் இயந்திரம் ஓடும் சத்தம், யாரோ இருமும் சத்தம்.

"புதன்கிழமை 3. இன்னிக்கு ஒன்னுதான் வந்துச்சு. ஏன்லா?"